டிசம்பர் 11ஐ வெச்சு ‘வரலாற்றில் இன்று’ தயார் பண்றது எப்படி

ஸ்கூல் பிரேயர்ல வாசிக்க, ஆபீஸ் போர்டுல எழுத, லைப்ரரி வாசல்ல ஒட்ட, இல்ல குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல காலைல போட, எதுக்கா இருந்தாலும் ‘வரலாற்றில் இன்று’ன்னு ஒண்ணு எழுதுற பொறுப்பு யார் தலையிலயாவது விழும். பெரும்பாலும் தமிழ் டீச்சர் தலையில, இல்லாட்டி ‘நீதான் நல்லா எழுதுவியே’ன்னு மாட்டி விடப்பட்ட ஆள் தலையில. அந்த ஆளும் எங்கயோ கிடைச்ச நாப்பது வரி லிஸ்ட்ட அப்படியே காப்பி பண்ணி போட்டுட்டு கடமை முடிஞ்சுதுன்னு போயிடுவார், படிக்கிறவங்களும் ஒரு தம்ஸ்-அப் போட்டுட்டு தாண்டிப் போயிடுவாங்க. இதை ஒழுங்கா பண்றது அப்படி ஒண்ணும் பெரிய வேலை இல்ல, ஒரு சாயங்காலம் போதும். ஆனா ஒவ்வொரு வரியையும் பிடிச்சு நிறுத்தி ‘இது நெஜமாவே இந்தத் தேதியா, யாரோட கடிகாரத்துல?’ன்னு கேக்கணும். இந்தக் கேள்விய விட்டுட்டா மத்ததெல்லாம் வீண்.

உதாரணத்துக்கு டிசம்பர் 11ஐ எடுத்துக்கறேன், ஏன்னா தமிழ் ஆளுங்களுக்கு இந்த நாள் சும்மா கொட்டிக் கிடக்கு, தப்பு பண்றதுக்கும் நிறைய இடம் இருக்கு.

முதல்ல அள்ளிப் போடுங்க

தமிழ் விக்கிப்பீடியால ‘டிசம்பர் 11’னு போட்டாலே தனிப் பக்கம் வரும், நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள், சிறப்பு நாள்னு பிரிச்சு வெச்சிருப்பாங்க. இங்கிலீஷ் பக்கத்தையும் திறந்துக்கோங்க, ரெண்டுலயும் ஆளுங்க வேற வேற. இந்தக் கட்டத்துல எதையும் தள்ளாதீங்க, ஒரு நோட்டுலயோ போன் நோட்ஸ்லயோ கிடைச்சதெல்லாம் வருஷத்தோட எழுதிக்கிட்டே போங்க. டிசம்பர் 11க்கு அப்படி அள்ளினா இந்த மாதிரி வரும்: 1882ல பாரதி எட்டயபுரத்துல பொறந்தது, 1969ல விஸ்வநாதன் ஆனந்த் மயிலாடுதுறைல பொறந்தது, 2004ல எம்.எஸ்.சுப்புலட்சுமி சென்னைல காலமானது, 1946ல யுனிசெஃப் ஆரம்பிச்சது, 1936ல இங்கிலாந்து ராஜா எட்டாம் எட்வர்ட் முடி துறந்தது, 1941ல ஜெர்மனியும் இத்தாலியும் அமெரிக்கா மேல போர் அறிவிச்சது, 1972ல அப்பல்லோ 17 நிலால இறங்கினது, 1997ல பூமி சூடாகறதக் குறைக்கிறதுக்கான கியோட்டோ ஒப்பந்தம், 2001ல சீனா உலக வர்த்தக அமைப்புல சேந்தது, 1981ல முகமது அலியோட கடைசி சண்டை, அப்புறம் திலீப் குமார், பிரணாப் முகர்ஜி, ஓஷோ, கிருமி ஆராய்ச்சி டாக்டர் ராபர்ட் கோக், எகிப்து எழுத்தாளர் நகீப் மஹ்ஃபூஸ், ரஷ்ய எழுத்தாளர் சோல்ஷெனிட்சின் எல்லாருக்கும் பிறந்தநாள். போதாததுக்கு ஐ.நா. வேற இத சர்வதேச மலைகள் தினம்னு வெச்சிருக்கு.

இவ்வளவையும் போட்டா ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. கடைசியா அஞ்சு, மிஞ்சிப் போனா ஆறு தான் போகணும். ஆனா குறைக்கிறதுக்கு முன்னாடி செக் பண்ணணும், ஏன்னா பாதி அங்கயே கழண்டுக்கும்.

‘நடந்தது’ன்னா எது நடந்தது?

ஒரே விஷயத்துக்கு நாலஞ்சு தேதி இருக்கும். பேசி முடிச்ச நாள், கையெழுத்துப் போட்ட நாள், சட்டம் பாஸான நாள், அமலுக்கு வந்த நாள். ஃபார்வர்டு லிஸ்ட்ல எல்லாத்தையும் ஒரே மாதிரி ‘உருவானது’ன்னு எழுதிருப்பாங்க, அங்கதான் குழப்பமே ஆரம்பிக்கும்.

எட்வர்ட் கதையவே பாருங்க. முடி துறக்கிற பத்திரத்துல அவர் கையெழுத்துப் போட்டது டிசம்பர் 10. அதுக்கான சட்டம் பார்லிமென்ட்ல நிறைவேறி, அவர் ராஜாவா இல்லாம போய், தம்பி ஆறாம் ஜார்ஜ் ராஜாவானது 11. அன்னிக்கு ராத்திரிதான் ரேடியோல பேசினார். அதனால 10ன்னு எழுதினாலும் தப்பில்ல, 11ன்னு எழுதினாலும் தப்பில்ல, ஆனா 11ல போடணும்னா ‘கையெழுத்திட்டார்’னு எழுதக் கூடாது, ‘அரியணையை விட்டு விலகினார்’னு தான் எழுதணும். ஒரே ஒரு வினைச்சொல்ல மாத்தினா வரி சரியாயிடும்.

கியோட்டோவும் அப்படித்தான். 1997 டிசம்பர் 11ல ஜப்பான்ல ஏத்துக்கிட்டாங்க, அமலுக்கு வந்தது 2005 பிப்ரவரி 16. சீனாவுக்கு கத்தார்ல தோஹால ஒப்புதல் கிடைச்சது நவம்பர்ல, உறுப்பினரானது டிசம்பர் 11. ஆக இந்த மாதிரி வரிகள்ல ‘ஏற்கப்பட்டது’, ‘அமலுக்கு வந்தது’, ‘உறுப்பினரானது’ன்னு துல்லியமா போட்டுட்டா யாரும் வந்து மடக்க முடியாது.

கோர்ட்டு தீர்ப்புன்னா இன்னொரு சிக்கலும் உண்டு. 2013 டிசம்பர் 11ல சுப்ரீம் கோர்ட், தன்பாலின உறவ குற்றமாக்கின 377வது பிரிவு செல்லும்னு சொல்லி டெல்லி ஹைகோர்ட் தீர்ப்ப ரத்து பண்ணுச்சு. அத மட்டும் எழுதி விட்டுட்டா படிக்கிறவன் இன்னும் அதுதான் சட்டம்னு நினைச்சுப்பான், ஆனா 2018 செப்டம்பர் 6ல அதே சுப்ரீம் கோர்ட்டோட அஞ்சு நீதிபதி பெஞ்ச் அந்தத் தீர்ப்ப மாத்திடுச்சு. பின்னாடி தலைகீழானதுன்னா அந்தப் பின்னாடிக் கதையும் அதே வரில வரணும், இடமில்லன்னா அந்த வரியவே தூக்கிடுங்க. (குடும்ப குரூப்னா இதுல இன்னொரு வசதியும் இருக்கு: டிசம்பர் 11லயே 2019ல குடியுரிமைத் திருத்த மசோதா ராஜ்யசபால பாஸாச்சு, 2023ல காஷ்மீரோட 370வது பிரிவு தீர்ப்பு வந்துச்சு, ரெண்டையும் போட்டு மாமாவும் சித்தப்பாவும் சாயங்காலம் வரைக்கும் அடிச்சுக்கறதப் பாக்கணும்னா போடுங்க, நான் தடுக்கல.)

யாரோட கடிகாரம்?

இதத்தான் யாருமே பாக்கறதில்ல. அப்பல்லோ 17 நிலால இறங்கினது டிசம்பர் 11, சரி. ஆனா அது ஹூஸ்டன்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி, லண்டன் கணக்குல ராத்திரி எட்டு மணி வாக்குல. நம்ம ஊர்ல அப்ப நள்ளிரவு தாண்டி 1:25, அதாவது 12ந்தேதி பொறந்தாச்சு. பண்டிட் ரவிசங்கர் 2012ல அமெரிக்காவுல சான் டியாகோ பக்கத்துல காலமானது அங்க 11ந்தேதி சாயங்காலம், இங்க செய்தி வந்தப்ப 12ந்தேதி காலைல. முகமது அலி கடைசியா சண்டை போட்டது பஹாமாஸ்ல 11ந்தேதி ராத்திரி, நம்ம கணக்குல அதுவும் 12 தான்.

அப்ப என்ன பண்றது? ரூல் ஒண்ணுதான்: சம்பவம் எந்த மண்ணுல நடந்ததோ அந்த மண்ணோட தேதி. நிலாவுக்கு மண் கணக்கு ஒத்து வராது, அதுக்கு விண்வெளிக்காரங்க எல்லாரும் வெச்சிருக்கிற பொது நேரத்தோட தேதிய எடுத்துக்கலாம், அதுவும் 11 தான். ஆனா ஒருத்தர் வந்து ‘எங்க தாத்தா பேப்பர்ல 13ந்தேதி படிச்சேன்னு சொன்னாரே’ன்னு கேட்டா முழிக்கக் கூடாது, அதுக்காகத்தான் நோட்டுல பக்கத்துல நம்ம நேரத்தையும் எழுதி வெச்சுக்கணும்னு சொல்றேன்.

பழைய தமிழ்நாட்டுப் பேப்பரப் பாத்து தேதி எடுக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. பேப்பர்ல இருக்கிற தேதி அச்சடிச்ச தேதி, சம்பவம் முந்தின நாளாத்தான் இருக்கும், வெளிநாட்டுச் செய்தின்னா அதுக்கும் முந்தி.

நள்ளிரவு விஷயத்துல நம்ம பாரதிய விட நல்ல உதாரணம் கிடையாது. பிறந்தநாள்ல பிரச்சினை இல்ல, நினைவு நாள்லதான். 1921ல திருவல்லிக்கேணி வீட்டுல அவர் உயிர் போனது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்குல, அது செப்டம்பர் 12. ஆனா நம்ம பேச்சுல விடியிற வரைக்கும் அது ‘நேத்து ராத்திரி’ தானே, அதனால 11ன்னே பல வருஷமா ஓடிப் போச்சு, 2021ல நூற்றாண்டு வந்தப்ப தமிழ்நாடு அரசு மகாகவி நாள்னு அறிவிச்சதும் செப்டம்பர் 11ஐத்தான். நீங்க எத எழுதினாலும் ஒருத்தர் சண்டைக்கு வருவார், அதனால ‘செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து’ன்னு எழுதிட்டா ரெண்டு பக்கமும் அமைதியா இருக்கும். அப்படியே அந்த யானைக் கதையயும் சரி பண்ணிடுங்க: பார்த்தசாரதி கோயில் யானை அவரத் தள்ளி விட்டது நெஜம், ஆனா அதுல அவர் சாகல, அதுலேர்ந்து தேறி எழுந்து வேலைக்குப் போய் கூட்டத்துல எல்லாம் பேசினார், உயிரக் குடிச்சது மாசக்கணக்கு கழிச்சு வந்த வயித்துக்கடுப்பு. ‘யானை மிதித்து இறந்தார்’னு வருஷா வருஷம் எங்கயாவது ஒரு போர்டுல எழுதிக்கிட்டேதான் இருக்காங்க.

எந்தக் காலண்டர்?

டிசம்பர் 11க்கு இது அவ்வளவா இடிக்காது, ஆனா மத்த நாளுக்கு இடிக்கும், அதனால சுருக்கமா. ரஷ்யால 1918 ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14, நடுவுல இருந்த நாளெல்லாம் காணாமப் போச்சு, காலண்டர மாத்திட்டாங்க. அதனாலதான் அக்டோபர் புரட்சிய நவம்பர் 7ல கொண்டாடினாங்க. சோல்ஷெனிட்சின் பொறந்தது 1918 டிசம்பர், மாத்தினதுக்கு அப்புறம், அதனால அவர் 11 அப்படியே 11 தான். ஆனா டால்ஸ்டாய், செகாவ் மாதிரி ஆளுங்களுக்கு ரெண்டு தேதி இருக்கும், எதப் போட்டிருக்காங்கன்னு பாத்துக்கோங்க. இங்கிலீஷ்காரங்க மாத்தினது 1752ல, அதுக்கு முந்தின மதராஸ் கிழக்கிந்தியக் கம்பெனி கடிதாசிங்கள்ல இருக்கிற தேதியும் பழைய கணக்குதான்.

நம்ம தமிழ்க் காலண்டர் வேற விதம். பாரதி பொறந்தது சித்திரபானு வருஷம் கார்த்திகை 27, மூல நட்சத்திரம். இப்ப கார்த்திகை 27 வர்றது டிசம்பர் 12, 13 வாக்குல, மூல நட்சத்திரம் எந்தத் தேதில விழும்னு வருஷத்துக்கு வருஷம் மாறும். கோயில்காரங்களும் வீட்டுப் பெரியவங்களும் நட்சத்திரம் பாத்து கொண்டாடினா அத இதோட கலக்காதீங்க, உங்க பத்தி இங்கிலீஷ் தேதிக்கு மட்டும்.

பிறந்தநாள்ல நைசா நுழையிற தப்பு

சினிமாக்காரங்க, பழைய அரசியல்வாதிங்க பிறந்தநாள்னா கொஞ்சம் சந்தேகத்தோடயே அணுகுங்க. அந்தக் காலத்துல ஸ்கூல்ல சேக்கும்போது வாத்தியார் கேட்டார், அப்பா குத்துமதிப்பா ஒண்ணு சொன்னார், அதுவே சர்டிஃபிகேட்ல ஏறி, அதுவே என்சைக்ளோபீடியாலயும் ஏறிடுச்சு. ரெண்டு இடத்துல ரெண்டு தேதி இருந்தா விட்டுடுங்க, டிசம்பர் 11ல ஆளுக்கா பஞ்சம். நோபல் வாங்கினவங்கன்னா நோபல் சைட்லயே பிறந்த தேதி இருக்கும், ராபர்ட் கோக், நகீப் மஹ்ஃபூஸ், மாக்ஸ் போர்ன் மூணு பேரையும் அங்கயே செக் பண்ணிடலாம்.

வயசு போடறப்ப கணக்கு போட்டுப் பாருங்க. உயிரோட இருக்கிறவங்களுக்கு ‘56வது பிறந்தநாள்’னு போடுங்க, இறந்தவங்களுக்கு ‘143வது பிறந்தநாள்’னு போடாம ‘பிறந்து 143 ஆண்டுகள்’னு போடுங்க, கேக்க நல்லா இருக்கும். உயிரோட இருக்காரா இல்லையாங்கறத அன்னிக்குக் காலைல இன்னொரு தடவை பாத்துடறது உத்தமம், போன வருஷ ஃபைல அப்படியே தூக்கிப் போட்டு மறைஞ்சவருக்கு ‘நீடூழி வாழ்க’ சொன்ன குரூப்புங்க நிறைய உண்டு.

ஸ்போர்ட்ஸ்

கிரிக்கெட்ல டெஸ்ட் மேட்ச் தான் பெரிய பொறி, ஏன்னா அது அஞ்சு நாள் ஓடும். 2008 டிசம்பர் 11 சேப்பாக்கம் டெஸ்ட்ட எடுத்துக்கோங்க. நவம்பர் 26 மும்பை தாக்குதலுக்கு அப்புறம் இங்கிலாந்து டீம் நாட்ட விட்டே போயிட்டு திரும்பி வந்தாங்க, அகமதாபாத்ல நடக்க வேண்டிய மேட்ச சென்னைக்கு மாத்தினாங்க, சுத்தி எங்க பாத்தாலும் போலீஸ். எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது என்ன? கடைசி நாள்ல 387 சேஸ், சச்சின் 103 நாட் அவுட், பக்கத்துல யுவராஜ் 85, ஸ்வான் பால ஃபைன் லெக் பக்கம் தட்டி விட்டு ஒரே ஃபோர்ல சதமும் வெற்றியும் சேந்து வந்துச்சே, அது. ஆனா அது டிசம்பர் 15. 11ந்தேதி நடந்தது மேட்ச் ஆரம்பிச்சதும், இங்கிலாந்தோட ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் சதம் அடிச்சதும் தான். லிஸ்ட்டுல ‘2008 - சேப்பாக்கத்தில் சச்சின் சதம்’னு 11க்கு கீழ பாத்தீங்கன்னா எழுதினவர் மேட்ச் ஆரம்பிச்ச தேதிய மட்டும் பாத்துட்டு அடிச்சிருக்கார்னு அர்த்தம். எழுதணும்னா ‘தாக்குதலுக்குப் பின் திரும்பி வந்த இங்கிலாந்து, சேப்பாக்கத்தில் டெஸ்ட்டைத் தொடங்கியது’ன்னு எழுதுங்க, அதுவே நல்ல விஷயம் தானே.

அதே சமயம் 2016 வான்கடே டெஸ்ட் மேட்ச் தொடங்கினது டிசம்பர் 8, அதனால டிசம்பர் 11 லிஸ்ட்ல பெரும்பாலும் இருக்காது, ஆனா சரக்கு 11லதான் இருக்கு. நாலாவது நாள், ஞாயித்துக்கிழமை. கோலி 147ல இருந்து ஆரம்பிச்சு 235 வரைக்கும் போனார், அந்த வருஷத்துல அவரோட மூணாவது டபுள் செஞ்சுரி. மறுபக்கம் ஒன்பதாவது ஆளா இறங்கின ஜெயந்த் யாதவ் 104, அந்த இடத்துல இறங்கி டெஸ்ட் சதம் அடிச்ச முதல் இந்தியர். ரெண்டு பேரும் சேந்து எட்டாவது விக்கெட்டுக்கு 241. இந்த மாதிரி விஷயத்த புடிக்கணும்னா ஸ்கோர்கார்ட் பத்தாது, நாள் நாளா எழுதின மேட்ச் ரிப்போர்ட் படிக்கணும், அதுல ஒவ்வொரு நாள் ஆட்ட முடிவுல ஸ்கோர் என்னன்னு இருக்கும், யார் எப்ப எந்த ரன்ன தொட்டாங்கன்னு அதுலேர்ந்து புடிச்சுடலாம்.

செஸ்ல இன்னொரு ஆசை காட்டுற பொறி இருக்கு. 2024ல குகேஷ் சிங்கப்பூர்ல 18 வயசுல உலக சாம்பியன் ஆனாரே, ‘ஆனந்த் பிறந்தநாள் அன்னிக்கே’ன்னு எழுத கை பரபரக்கும். ஆகல. 11ந்தேதி நடந்தது 13வது கேம், டிரா, ஆளுக்கு 6.5 பாயின்ட். எதிர்ல ஆடின டிங் லிரன் தப்பு பண்ணி குகேஷ் ஜெயிச்சது மறுநாள் 14வது கேம்ல. என்னக் கேட்டா டிராவான அந்த 11ந்தேதியே எழுதறதுக்கு நல்ல விஷயம்: ஆனந்துக்கு 55 முடியிற அன்னிக்கு, அவர் வழிகாட்டின பையன் சமநிலைல உக்காந்து கடைசி கேமுக்கு காத்துக்கிட்டிருந்தான். உள்ளத உள்ளபடி எழுதினாலே போதும், தேதிய இழுத்து ஒட்ட வெக்க வேண்டாம்.

அலி சண்டைக்கு ரெண்டு வரி. 39 வயசு, ட்ரெவர் பெர்பிக் கிட்ட பத்து ரவுண்டு ஆடி பாயின்ட்ல தோத்தார். ஏற்பாடு எவ்வளவு மோசம்னா ரவுண்டுக்கு அடிக்கிற மணி இல்லாம மாட்டு மணிய வெச்சு ஓட்டினாங்க. ‘முகமது அலியின் கடைசிப் போட்டி’ன்னு மொட்டையா எழுதறத விட அந்த மாட்டு மணிய எழுதினா பசங்களுக்கு சாகற வரைக்கும் மறக்காது.

ஒரே தேதி வேற, ஒரே நாள் வேற

டிசம்பர் 11ல பொறந்தவங்க ஆயிரம் பேர் இருப்பாங்க, அதுல பெருசா ஒண்ணுமில்ல. ஆனா ஒரே வருஷம், ஒரே நாள்னு ஜோடி சேந்தா அது ருசியே தனி, லிஸ்ட்ட வருஷ வரிசைல அடுக்கினா தானா கண்ணுல படும்.

1882 டிசம்பர் 11, திங்கட்கிழமை. எட்டயபுரத்துல பாரதி. ஜெர்மனில அப்ப ப்ரெஸ்லாவ்னு இருந்த ஊர்ல, இப்ப போலந்துல வ்ரோத்ஸ்வாஃப், மாக்ஸ் போர்ன், குவாண்டம் இயற்பியலுக்காக 1954ல நோபல் வாங்கினவர். நியூயார்க்ல ஃபியோரெல்லோ லாகார்டியா, பின்னாடி அந்த ஊருக்கே மேயரானவர், இன்னிக்கும் அவர் பேர்ல ஏர்போர்ட் இருக்கு. மூணு பேரும் ஒரே நாள் குழந்தைங்க. பாரதி 39 முடியாமயே போயிட்டார், லாகார்டியா 1947 வரைக்கும் இருந்தார், போர்ன் 1970 வரைக்கும். இத அடுத்தடுத்து வெச்சா போதும், வேற விளக்கமே வேண்டாம்.

1946 டிசம்பர் 11. நியூயார்க்ல ஐ.நா. பொதுச்சபை யுனிசெஃப்ப உருவாக்குது, போர்ல சிதைஞ்ச நாட்டுக் குழந்தைங்களுக்காக. டெல்லில அதே நாள், ரெண்டு நாள் முன்னாடிதான் கூட ஆரம்பிச்ச அரசியல் நிர்ணய சபை ராஜேந்திர பிரசாத்த தலைவரா தேர்ந்தெடுக்குது, அதுவரைக்கும் சச்சிதானந்த சின்ஹா தற்காலிகமா உக்காந்திருந்தார். ஸ்கூல் போர்டுக்கு இதவிட நல்ல ஜோடி கிடைக்காது, ஆனா டிசம்பர் 11னு வர்ற லிஸ்ட்ல ராஜேந்திர பிரசாத் வரி அபூர்வமாத்தான் இருக்கும். அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் எல்லாம் நாள்வாரியா நெட்லயே கிடைக்குது, டிசம்பர்லயும் ஜனவரிலயும் வர்ற தேதிகளுக்கு அங்க ஒரு தடவ போய்ட்டு வாங்க.

ஜோசியம் மாதிரி மட்டும் ஆக்கிடாதீங்க. பாரதி பிறந்தநாள்ல எம்.எஸ். மறைஞ்சதுக்கு அர்த்தம் ஒண்ணும் கிடையாது. ரெண்டையும் போடுங்க, ‘என்ன ஒரு தெய்வச் செயல்’னு கீழ எழுதாதீங்க.

ஒண்ண மட்டும் கிட்டப் போய் சொல்லுங்க

அஞ்சு வரில நாலு வரி ஒத்த வாக்கியமா இருக்கட்டும். ஒண்ண மட்டும் பத்தி அளவுக்கு நீட்டுங்க. எத நீட்டறதுன்னா, அன்னிக்கு நடந்ததுல கையால தொடக்கூடிய மாதிரி ஒரு பொருள் எதுல இருக்கோ அத. அப்பல்லோ 17ஐ எடுத்துக்கிட்டா ‘மனிதன் நிலவில் இறங்கிய கடைசிப் பயணம்’னு எல்லாரும் எழுதுவாங்க. அதவிட இதப் பாருங்க: செர்னனும் ஷ்மிட்டும் இறங்கி, மூணாவது ஆள் எவன்ஸ் மேல சுத்திக்கிட்டிருக்க, முதல் தடவ வெளில வந்து வேலை பாக்கறப்பவே செர்னன் கால் பாக்கெட்ல இருந்த சுத்தியல் மாட்டி ரோவர்ங்கற நிலா வண்டியோட பின்பக்க மட்கார்டு உடைஞ்சு போச்சு. மட்கார்டு போனா என்னன்னு கேக்கலாம், நிலாத் தூசி ரெண்டு பேர் மேலயும் மழை மாதிரி கொட்டும், அது ரம்பம் மாதிரி அறுக்கும், கருவி எல்லாம் சூடேறிடும். முதல்ல டேப் போட்டு ஒட்டினாங்க, தூசில டேப் நிக்கல, கழண்டு விழுந்துருச்சு. மறுநாள் வெளில போறதுக்கு முன்னாடி, நிலா மேப்புங்க நாலு எடுத்து டேப்பால ஒண்ணா ஒட்டி, விளக்கு மாட்டற கிளாம்ப் ரெண்ட கழட்டி அதால இறுக்கி, புது மட்கார்டு பண்ணிட்டாங்க. அதோடதான் மிச்ச நாள் பூரா ஓட்டினாங்க. ஷ்மிட் தொழில்முறை நிலவியல் (ஜியாலஜி) ஆராய்ச்சியாளர், ஆரஞ்சு கலர் மண்ண கண்டுபிடிச்சு கத்தினதெல்லாம் அந்த வண்டில போய்தான்.

இத ஒன்பதாம் கிளாஸ் பையன் கிட்ட வாசிச்சுக் காட்டிப் பாருங்க. கடைசிப் பயணம்ங்கறத அவனே கேட்டு தெரிஞ்சுப்பான்.

எழுதி முடிச்சா எப்படி இருக்கும்

என் கணக்குல டிசம்பர் 11 ஸ்கூல் போர்டு இப்படி வரும், போர்டுங்கறதால கொஞ்சம் எழுத்து நடைல:

டிசம்பர் 11. 1882: எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதி பிறந்தார், அதே திங்கட்கிழமை ஜெர்மனியில் இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் பிறந்தார். 1946: டெல்லியில் அரசியல் நிர்ணய சபையின் தலைவராக ராஜேந்திர பிரசாத் தேர்வானார், அதே நாள் நியூயார்க்கில் யுனிசெஃப் உருவானது. 1969: விஸ்வநாதன் ஆனந்த் மயிலாடுதுறையில் பிறந்தார், 1988ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 1972: அப்பல்லோ 17 நிலவில் இறங்கியது (இங்கே மட்கார்டு கதை). 2004: எம்.எஸ்.சுப்புலட்சுமி சென்னையில் மறைந்தார். 2016: மும்பையில் கோலி 235, ஜெயந்த் யாதவ் 104.

இறப்ப எங்க வெக்கறதுன்னு கேக்கறாங்க. வருஷ வரிசைல போனா அது தானா அதோட இடத்துல விழும், பிரச்சினை இல்ல. பிரிச்சு வெக்கணும்னா முதல்ல பிறப்பு, நடுவுல நிகழ்வு, அப்புறம் மறைவு, ஸ்போர்ட்ஸ் கடைசில. அழுகையோட முடிக்க வேண்டாம், பசங்க கிளாஸுக்குப் போகணும்.

ஃபோட்டோ போடறவங்க கவனம், பாரதி படம்னா மூலப் படங்கள் ரொம்பக் கொஞ்சம்தான், இப்ப கலர் அடிச்சு, மீசைய முறுக்கி, ஏஐ வெச்சு சிரிக்க வெச்சதெல்லாம் சுத்திக்கிட்டிருக்கு. படத்தோட ‘பாரதி சொன்னது’ன்னு ஒரு வாக்கியம் ஒட்டி வந்தா அது அவர் கவிதைத் தொகுப்புல இருக்கான்னு தேடிட்டு போடுங்க, பாதிக்கு மேல இருக்காது.

ஃபைல தூக்கிப் போடாம வெச்சுக்கோங்க, அடுத்த வருஷம் அரை மணி நேர வேலைதான். ஒவ்வொரு வரிக்கு பக்கத்துலயும் முழு எண் எப்ப வருதுன்னு குறிச்சுட்டா நல்லது: 2029ல ஆனந்துக்கு 60, 2032ல பாரதிக்கு 150, அந்த வருஷம் மத்ததக் குறைச்சு அதுக்கு இடம் கொடுக்கணும்.

அப்புறம் 366 ஃபைல் வேணும், 365 இல்ல. பிப்ரவரி 29ஐ முன்கூட்டியே தயார் பண்ணி வெச்சிடுங்க, நாலு வருஷத்துக்கு ஒரு தடவதான் வரும்னு அசால்ட்டா விட்டுடுவோம், ஆனா அதுல நல்ல சரக்கு இருக்கு. மொரார்ஜி தேசாய் பொறந்தது 1896 பிப்ரவரி 29. 1900 லீப் வருஷம் இல்ல, அதனால அவருக்கு முதல் பிறந்த தேதி திரும்பி வந்தது எட்டு வருஷம் கழிச்சு 1904ல. கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் பொறந்தது அதே 1904 பிப்ரவரி 29. 1977ல பிரதமரா இருந்த மொரார்ஜி அவங்கள ஜனாதிபதி ஆகச் சொல்லி கேட்டார், அம்மா வேண்டாம்னுட்டாங்க.